பரணில் உறங்கும் பாத்திரங்கள்

எங்கள் அன்னையாரின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்த மறுநாள், உடன்பிறந்தோர் நால்வரும் ஒன்றுகூடி, அவர் 46 ஆண்டுகள் ஆட்சி செய்த அடுக்களையை ஒழுங்கு செய்ய முற்பட்டோம். தம்பி ஏணி வைத்துப் பரணில் ஏறினான். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நாங்கள் வாங்கிக் கூடத்தில் பரப்பினோம். பித்தளை அண்டா இரண்டு, தவலை மூன்று, வெண்கலப் பானை ஒன்று, மூடியை இழந்த தூக்குச்சட்டிகள், மூடி மட்டும் எஞ்சிய டப்பாக்கள், திரியற்ற மண்ணெண்ணெய் அடுப்பு, திருமண வீடுகளிலும் புதுநன்மை விழாக்களிலும் அன்பளிப்பாக வந்த எவர்சில்வர் தட்டுகள், கிண்ணங்கள்! நண்பகலுக்குள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எண்ணிப் பார்த்தோம். தட்டுகள் மட்டும் 62 இருந்தன. அந்த வீட்டில் கடந்த பல ஆண்டுகளாக உணவருந்தியவர்கள் இருவரே. தந்தையார் மறைந்தபின் கடைசி மூன்றாண்டுகள் ஒருவரே.

இறுதியாகத் தம்பி ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினான். பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு, கடைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாத மூன்று பால்சட்டிகள் அதனுள் இருந்தன. அடி கனத்த, கைப்பிடி உறுதியான, நல்ல சட்டிகள். அவற்றைக் கண்டதும் மூத்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏன் அழுதார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். அன்னையாரின் வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், பொங்கி வந்த பாலை அவர் அவசரமாக இறக்கியபோது சட்டி கைப்பிடியில் சுழன்று கவிழ்ந்தது. சர்க்கரை நோய் இருந்தமையால் புண் ஆறுவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. அந்தக் கைப்பிடி ஆடுகின்றது என்பதை நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம். "துணி சுற்றிப் பிடித்தால் போதும், இது இன்னும் உழைக்கும்" என்று அவர் சொல்வார். நாங்களும் சிரித்துக்கொண்டே அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வருவோம். புதியன மூன்று தலைக்கு மேலே உறங்கிக்கொண்டிருக்க, பழையது ஒன்று அவர் கையைச் சுட்டுவிட்டது.

அன்பு வாசகர்களே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா? உங்கள் வீட்டுப் பரணையும் அடுப்படியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்லவை மேலே இருக்கும். நலிந்தவை கீழே இருக்கும். விருந்தினருக்கென்று ஒதுக்கியவை பளபளக்கும். நாள்தோறும் சமைப்பவளின் கையில் இருப்பவை நசுங்கியும் கீறல் விழுந்தும் கிடக்கும். இந்தத் தலைகீழ் முறையை மாற்றுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விட மனம் வராதது ஏன்?

பாத்திரத்தைச் சேர்த்து வைப்பவர்களை நாம் எளிதில் நகையாடிவிடுகின்றோம். அது நியாயமன்று. நம் பாட்டிமார் காலத்தில் பெண்ணுக்கென்று நிலமும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. பெற்றோர் சீராகக் கொடுத்த நகையும் பாத்திரமுமே அவளுடைய செல்வம். அதனால்தான் ஒவ்வொரு செம்பிலும் தவலையிலும் அவளது பெயரை வெட்டிக் கொடுத்தார்கள். மழை பொய்த்த ஆண்டிலும், மீன்பாடு இல்லாத மாதத்திலும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் அடகுக் கடைக்குச் சென்று வந்தவை அந்த வெண்கலப் பானைகளே. பித்தளைக்கும் வெண்கலத்திற்கும் எடைக்கு எடை பணம் உண்டு. ஆகவே 'ஒன்றையும் விடாதே' என்பது அவர்களைப் பொறுத்தமட்டில் பேராசை அன்று; பட்டறிவு.

ஆனால் அந்தப் பட்டறிவை நாம் பொருந்தாத இடத்தில் பின்பற்றுகின்றோம். வெண்கலப் பானையைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பால் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவையும் ஊறுகாய்ப் புட்டியையும் காக்கின்றார்கள். அடகுக் கடையில் இவற்றுக்கு ஒரு காசும் கிடைக்காது. கரப்பான் பூச்சிகள்தாம் இவற்றால் பயன் பெறுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. அடுக்களை என்பது இரு தலைமுறைகள் சந்திக்கும் இடம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழி அங்கேதான் பிறந்தது. மருமகள் ஒரு பழைய சட்டியை ஓரங்கட்டினால், தம்மையே ஓரங்கட்டுவதாக மாமியார் எண்ணுகின்றார். மருமகளும் வீண் வருத்தம் எதற்கு என்று ஓட்டை விழும்வரை அதிலேயே சமைக்கின்றாள். பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது மனிதரைப் பற்றிப் பேசுவதாக மாறிவிடுகின்றது. எனவே, எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யாமல், பாத்திரத்தின் நிலையையும் பயனையும் பார்த்து முடிவு செய்வோமானால், பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

மண்ணிலிருந்து எவர்சில்வர் வரை

நம் அடுக்களை என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. மண்சட்டியும் மாக்கல் சட்டியும் இரும்பும் பல தலைமுறைகள் உழைத்தன. வசதியுள்ளோர் வீட்டில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையும், செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமும் இருந்தன. 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே மின்னாற்றலால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டனர். அதுவரை அருமையாக இருந்த அந்த உலோகம் மலிவாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சென்னை கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். எளியோர் வீட்டிற்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது.

பின்னர் எவர்சில்வர் வந்தது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருவேறா எஃகை உருவாக்கினார். 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடுகள் உருட்டப்படத் தொடங்கியபின், 'சேலம்' என்ற பெயரே தரத்தின் அடையாளமாக விளங்கிற்று. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற ஊர்களில் பாத்திரத் தொழில் செழித்தது. பழைய பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரர்கள் தெருத்தெருவாக வந்தனர்.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவூட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த கனத்த வெண்கலப் பானைகளை எடைக்குப் போட்டுவிட்டு, மெல்லிய எவர்சில்வர் குவளைகளை வாங்கி வந்த வீடுகள் பல. தேய்க்கக் கை வலிக்கின்றது, புளிபோட்டு விளக்க நேரமில்லை என்பது அவர்களது நியாயமான குறை. ஆயினும் அவர்களுடைய பேத்திகள் இன்று அதே வெண்கலப் பானையைப் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றார்கள். ஆகவே ஒழிப்பதிலும் நிதானம் வேண்டும். எல்லாவற்றையும் சேர்ப்பது ஒரு தவறு என்றால், எல்லாவற்றையும் எறிவது மற்றொரு தவறு.

விடைகொடுக்க வேண்டியவை

முதலில் கைப்பிடி. ஆடும் கைப்பிடி, வெடித்த பிடி, அடி வளைந்து அடுப்பில் நில்லாமல் சுற்றும் சட்டி ஆகியவற்றைத் திருகாணி மாற்றியோ பற்ற வைத்தோ இந்த வாரமே சரி செய்யவேண்டும். இயலாதெனில் அவற்றை வீட்டைவிட்டு அகற்றவேண்டும். இதற்கு அடுத்த வாரம் என்ற ஒன்று இல்லை. எங்கள் அன்னையாரின் தழும்பே இதற்குச் சான்று.

இரண்டாவது, பிரஷர் குக்கர். 1679-இல் தெனி பாப்பன் என்பவர் ஆவியை அடைத்துச் சமைக்கும் கலத்தைச் செய்தபோதே, ஆவி மிகுந்தால் வெளியேறுவதற்கு ஒரு வழியையும் அமைத்தார். இன்றைய குக்கரிலும் அந்தக் காப்பு வால்வுதான் நம் உயிர்க்காவல். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை ஏறுகின்றது. ரப்பர் வளையம் இறுகியோ வெடித்தோ போனால், ஆண்டு நிறையாவிட்டாலும் மாற்றுங்கள். நன்றாகத் தோன்றினாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நலம். காப்பு வால்வு உருகிவிட்டால், அந்தக் குக்கருக்கென்று அதே நிறுவனம் செய்த வால்வையே போடவேண்டும். ஆணியையோ வேறு எதையோ வைத்து அடைப்பது வீட்டிற்குள் வெடிகுண்டு வைப்பதற்கு ஒப்பாகும். விசில் குழாயில் பருப்பு நுரை அடைத்திருக்கின்றதா என்று ஒவ்வொரு முறையும் ஊதிப் பாருங்கள்.

மூன்றாவது, ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் கலங்கள். 1938-இல் ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்ளான் என்னும் பொருளே பெரும்பாலும் அவற்றின் பூச்சு. ஏறத்தாழ 260 பாகைக்கு மேல் அது சிதையத் தொடங்குகின்றது. வெறும் கல்லை முழுத் தீயில் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே அந்த வெப்பம் வந்துவிடும். எண்ணெயோ மாவோ இல்லாமல் அதைச் சூடாக்கலாகாது; இரும்புக் கரண்டியால் சுரண்டலாகாது. பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தபின் அதற்கு விடைகொடுப்பதே முறை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளும் இதையே வலியுறுத்துகின்றன.

நான்காவது, அலுமினியம். அதைக் கண்டு அஞ்சி ஓட வேண்டுவதில்லை. அதில் தண்ணீர் காய்ச்சலாம், இட்லி அவிக்கலாம். ஆனால் புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு, மோர் போன்ற புளிப்புப் பண்டங்களை அதில் சமைப்பதும் வைத்திருப்பதும் ஆகா. புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும். உட்புறம் குழி குழியாகப் பொரிந்துபோன சட்டியை இனியும் வைத்திருக்க வேண்டாம். இண்டாலியம் எனப்படும் கலப்பு உலோகச் சட்டிகளில் மேலும் கவனம் வேண்டும். இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. அவற்றுள் இந்தியாவில் செய்யப்பட்டவையும் இருந்தன. பல வகைக் கழிவு உலோகங்களை ஒன்றாக உருக்கி வார்க்கும்போது இந்த நஞ்சு கலந்துவிடுகின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் காரீயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கின்றது உலக நலவாழ்வு நிறுவனம். பெயரும் முத்திரையும் இல்லாமல் எடைக்கு விற்கும் வார்ப்புச் சட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, பிளாஸ்டிக்கும் மெலமைனும். பனிக்கூழ் வந்த டப்பாவிலும் கடைச் சாம்பார் வந்த கிண்ணத்திலும் கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றி வைப்பது நல்லதன்று. மங்கிப்போன, மஞ்சள் கறை ஏறிய, மூடி பொருந்தாத டப்பாக்களை முதல் நாளிலேயே ஒதுக்கிவிடுங்கள். பார்வைக்குப் பீங்கான் போன்றிருக்கும் மெலமைன் தட்டில் சோறுண்ணலாம். ஆனால் அதில் கொதிக்கும் புளிக்குழம்பை ஊற்றுவதும், அதை மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதும் கூடா. விளிம்பு உடைந்த கண்ணாடிக் குவளையும் பீங்கான் கோப்பையும் உதட்டைக் கிழிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

மீண்டும் அழைக்க வேண்டியவை

ஒழிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. பரணில் இருப்பவற்றுள் சில கீழே வரவேண்டும்.

இரும்புத் தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் முதலிடம் பெறத்தக்கவை. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு மேல் இரத்தச்சோகை உடையவர்கள். இரும்புச் சட்டியில் சமைக்கும்போது, சிறிதளவு இரும்புச்சத்து உணவில் சேர்கின்றது. இது மருந்துக்கு ஈடாகாது. எனினும் செலவில்லாத துணை. சமைத்ததும் உணவை வேறு கலத்திற்கு மாற்றி, வாணலியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது. துருப்பிடித்த பழைய கல்லையும் எறியவேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காயவைத்து, அரைவெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் பழக்கினால், நான்ஸ்டிக்கைப் போலவே தோசை எழும்பி வரும்.

மண்சட்டியை மேற்கூறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பாதுகாப்பானதாகப் பாராட்டுகின்றது. புதுச் சட்டியை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, பிறகு சோற்றுக் கஞ்சி ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சிப் பழக்கவேண்டும். மீன் குழம்பை அதில் வைத்து மறுநாள் உண்டவர்களுக்கு அதன் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மானாமதுரைக் குயவர்களின் கைத்திறன் கடத்திற்கு மட்டுமன்றிச் சமையல் சட்டிக்கும் பேர்போனது. ஒரு சட்டி வாங்கினால் ஒரு தொழிலும் வாழும். உட்புறம் பளபளப்புச் சாயம் பூசியதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பித்தளைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே ஈயம் பூசப்பட்டிருந்தால்தான் அதில் சமைக்கலாம். நவச்சாரத்தைத் தூவி, சூட்டில் உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் இழைத்துப் பூசும் தொழிலாளர்கள் முன்பு தெருவில் குரல் கொடுத்து வருவார்கள். இன்று பெரிய பாத்திரக் கடைகளில் கேட்டால் அவர்கள் இருக்குமிடம் தெரியும். பூசுவது தூய வெள்ளீயந்தானா, காரீயம் கலந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கும் இதுவே விதி. வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். ஆதலால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பே இல்லாமற் போகும்.

ஒழுங்கு செய்யும் முறை

அடுக்களை முழுவதையும் ஒரே நாளில் கலைத்துப் போட்டால், மாலைக்குள் களைத்துவிடுவீர்கள். எல்லாம் மீண்டும் பரணுக்கே சென்றுவிடும். நாளுக்கு ஓர் அலமாரி போதும். அடுப்படியில் தொடங்குங்கள், பரணை இறுதிக்கு வையுங்கள். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும் நாள்களோ, போகிக்கு முந்திய வாரமோ, பிள்ளைகளின் கோடை விடுமுறையோ ஏற்ற காலம்.

எடுத்த ஒவ்வொன்றையும் நான்காகப் பிரியுங்கள். நாள்தோறும் வேண்டுபவை, எப்போதேனும் வேண்டுபவை, பிறருக்கு உதவுபவை, எடைக்குப் போகவேண்டியவை என்பனவே அந்த நான்கு. ஐயத்திற்குரியவற்றைப் பெட்டியிலிட்டு, மேலே அன்றைய தேதியை எழுதி ஒட்டுங்கள். ஓராண்டுக்குள் அந்தப் பெட்டியைத் திறக்கும் தேவை வரவில்லையாயின், அதனுள் இருப்பவை உங்களுக்குத் தேவையற்றவை என்பதை அந்தத் தேதியே சொல்லிவிடும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களைக் கேளாமல் எதையும் தொடவேண்டாம். "அத்தை, இந்தத் தவலை உங்களுக்கு எப்போது வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு கதை வெளிவரும். கதை கேட்கப்பட்டபின் பொருளை விடுவது எளிதாகின்றது. எங்கள் பெரியம்மா ஒருவர், தம் மருமகள் இவ்வாறு கேட்டபின், "எனக்கு இது ஒன்று போதும், மற்றதை நீ பார்த்துச் செய்" என்று தாமே ஐந்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர்களும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். உங்களுக்குப் பின் அவற்றைப் பங்கிடப்போகும் பிள்ளைகளுக்கு, உங்கள் கையாலேயே இன்று கொடுத்தால் அது பரிசு. நாளை அவர்களாக எடுத்தால் அது பாரம்.

புதியது வாங்கும்போது

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்திற்கு உண்மையில் எத்தனை பாத்திரங்கள் வேண்டும்? சோற்றுக்கும் பருப்புக்கும் ஒரு குக்கர், குழம்புக்கும் ரசத்திற்கும் இரண்டு சட்டிகள், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், இட்லிக் கொப்பரை, பால்சட்டி, உணவை மாற்றி வைக்க நான்கைந்து மூடியுள்ள கிண்ணங்கள், தலைக்கு இரண்டாகத் தட்டும் குவளையும் போதும். அஞ்சறைப் பெட்டியும் கரண்டிகளும் வடிதட்டும் இவற்றோடு சேரட்டும். மற்றவை விருந்துக்கு. பெருவிருந்து வந்தால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கவே இருக்கின்றது.

எவர்சில்வர் வாங்கும்போது, அடிப்புறத்தில் 304 அல்லது 18/8 என்ற குறியைத் தேடுங்கள். 100 பங்கில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது என்பது அதன் பொருள். விலை குறைந்த வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டுகின்றார்கள். அவை எளிதில் கறையும் துருவும் ஏறக்கூடியவை. காந்தம் ஒட்டாவிட்டால் உயர்தரம் என்று கடைக்காரர் சொல்வதை முழுவதும் நம்பவேண்டாம். அந்த மலிவான வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. மின்காந்த இண்டக்ஷன் அடுப்புள்ளவர்களுக்கோ, அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரமே வேண்டும். 2024-இல் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை வெளியிட்டது. ஆகவே அந்த முத்திரையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கடையிலேயே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, நிறைந்த பாத்திரத்தைத் தூக்குவதுபோல் அசைத்துப் பாருங்கள். அடி கனமாக இருக்கின்றதா, மூடி பொருந்துகின்றதா, விளிம்பு கையைக் கீறுகின்றதா என்று தடவிப் பாருங்கள். வயதான தாயோ மூட்டுவலி உள்ளவரோ சமைக்கும் வீடாயின், அவரையே அழைத்துச் சென்று தூக்கிப் பார்க்கச் செய்யுங்கள். அவர் கைக்குக் கனமானது, எவ்வளவு நல்லதாயினும் பரணுக்கே போகும். வாங்கி வந்தபின் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே செல்லட்டும். புதிய சட்டியை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். "பழையது கெடட்டும், பிறகு எடுக்கலாம்" என்று வைத்தீர்களானால், எங்கள் வீட்டு அட்டைப் பெட்டி உங்கள் வீட்டிலும் உருவாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

யாருக்குக் கொடுப்பது?

எடைக்குப் போடுவதில் வெட்கமில்லை. உலோகம் உருகி மீண்டும் உலோகமாகின்றது; வீண் போவதில்லை. நல்ல நிலையிலுள்ள உபரிப் பாத்திரங்களைப் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் எளிய தம்பதியருக்கோ, வெள்ளத்திலும் தீயிலும் வீடிழந்தவர்க்கோ, பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாகவோ கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றில் நாம் தெளிவாக இருக்கவேண்டும். பூச்சு உரிந்த கலத்தையும், குழி விழுந்த அலுமினியச் சட்டியையும், வால்வு கெட்ட குக்கரையும் "வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆகாத நஞ்சு அவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா? நம் கையைச் சுடும் கைப்பிடி அவர்கள் கையைச் சுடாமல் விடுமா? நமக்குத் தேவைக்கு மிஞ்சியதைத் தரலாம்; நமக்குத் தீங்கானதைத் தரலாகாது. 62 தட்டுகள் இருக்கும் வீட்டில் நசுங்கிய தட்டைத் தேடிக் கொடுப்பது தருமம் ஆகாது.

அன்று மாலைக்குள் எங்கள் கூடம் காலியாகிவிட்டது. பெரிய அண்டா ஒன்றை, உள்ளே ஈயம் பூசி, பங்குத் திருவிழாவின் அசனச் சமையலுக்கென்று கோவிலுக்குக் கொடுத்தோம். தட்டுகளில் 40 சபையின் வழியாக மூன்று வீடுகளுக்குச் சென்றன. தந்தையாரும் அன்னையாரும் உண்ட தட்டுகளைத் தம்பி எடுத்துக்கொண்டான். பெயர் வெட்டிய வெண்கலப் பானை எனக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோறு இப்பொழுது அதில்தான் வடிக்கின்றேன். புளிபோட்டு விளக்கும்போதெல்லாம் அன்னையாரின் பெயர் சற்றே பளிச்சிடுகின்றது. பரணில் இருந்தபோது அந்தப் பெயரை யார் படித்தார்கள்?

புதிய பால்சட்டிகள் மூன்றையும் அக்கா, தங்கை, தம்பி மூவருக்கும் கொடுத்தோம். கைப்பிடி ஆடும் அந்தப் பழைய சட்டியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நெடுநேரம் அது சுவரோரமாகவே இருந்தது. இறுதியில் அக்காவே எழுந்து சென்று, அதை ஒருமுறை துடைத்து, எடைக்குப் போகும் சாக்கில் தம் கையாலேயே வைத்தார்.

நால்வருக்கு மூன்று சட்டிகள்தாமே இருந்தன. உனக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் வீடு திரும்பியதும் நேரே அடுக்களைக்குச் சென்று, என் பால்சட்டியின் கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அதுவும் ஆடிற்று. ஓராண்டாக ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். துணி சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு கடை அடைக்குமுன் சென்று, ஒரு புதிய சட்டி வாங்கி வந்தேன். மறுநாள் விடியற்காலைப் பால் அதில்தான் பொங்கிற்று.